புலிக்கு எதிரே ஒற்றை ரைஃபிள்: யார் இந்த கென்னத் ஆண்டர்சன்? லீவர் ஆக்‌ஷன் துப்பாக்கி மேல் ஏன் இவ்வளவு மோகம்?

கமுதி, முதுகுளத்தூர், கடலாடி பக்கம் விவசாயிகள் கூடும் இடத்தில் காட்டுப்பன்றி பேச்சு வராமல் இருக்காது. ராத்திரியோடு ராத்திரியாக வயலைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அப்போது யாராவது ஒருவர் கண்டிப்பாகச் சொல்வார், கையில் ஒரு நல்ல துப்பாக்கி மட்டும் இருந்தால் போதும் என்று.

ஒரு நல்ல துப்பாக்கி. அந்த ஆசை இன்று நேற்று வந்ததல்ல. அப்படி ஒரு துப்பாக்கியோடு இன்றைய கிருஷ்ணகிரி, தர்மபுரி காடுகளில் பல ஆண்டுகள் சுற்றி, கடைசியில் அந்தக் காட்டைக் காப்பாற்றச் சொல்லி எழுதியவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் கென்னத் ஆண்டர்சன்.

யார் இவர்?

1910 மார்ச் 8-ம் தேதி ஹைதராபாத் அருகே பொலாரத்தில் பிறந்தவர். ஸ்காட்லாந்து வம்சாவளி. ஆனால் பல தலைமுறைகளாக இந்தியாவிலேயே வாழ்ந்த குடும்பம். படித்தது பெங்களூரு பிஷப் காட்டன் பள்ளி, பிறகு செயின்ட் ஜோசப் கல்லூரி. தபால் தந்தித் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். பின்னர் பெங்களூரு விமானத் தொழிற்சாலைக்குப் போனார்.

அதாவது இவர் மகாராஜாவும் இல்லை, யானை மேல் ஏறி வேட்டைக்குப் போன வைஸ்ராயும் இல்லை. மாதச் சம்பளக்காரர். லீவு கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு ஓசூர், தேன்கனிக்கோட்டை, பென்னாகரம் பக்கம் கிளம்பிவிடுவார். கன்னடமும் தமிழும் பேசுவார். டீக்கடையில், மாட்டுப்பட்டியில், வன விடுதி வாசலில் உட்கார்ந்து ஊர் மக்களிடம் கதை கேட்பார்.

காட்டில் இவருக்கு ஆசானாக இருந்தவர்களில் முக்கியமானவர் பைரா. சின்னாறு ஓரத்தில் வாழ்ந்த காட்டுவாசி. கையில் ஒரு பழைய நாட்டுத் துப்பாக்கி, செய்தது திருட்டு வேட்டை. தடம் பார்க்க, சத்தம் கேட்க, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று கவனிக்க ஆண்டர்சன் கற்றுக்கொண்டது இப்படிப்பட்டவர்களிடம்தான்.

1939 முதல் 1966 வரை ஆண்டர்சன் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டதாக அரசுப் பதிவில் கணக்கு உண்டு என்று சொல்லப்படுகிறது. கும்மளாபுரம் சிறுத்தை மட்டும் 42 பேரைக் கொன்றதாக அவர் எழுதியிருக்கிறார்.

அந்தத் துப்பாக்கியில் அப்படி என்ன இருக்கு?

ஆண்டர்சன் கையில் பெரும்பாலும் இருந்தது அமெரிக்கத் தயாரிப்பான வின்செஸ்டர் மாடல் 1895. தோட்டா பாயிண்ட் 405 ரகம். இதுதான் லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்.

பழைய கவ்பாய் படங்களில் பார்த்திருப்பீர்கள். விசைக்குப் பக்கத்தில் வளையம் மாதிரி ஒரு இரும்புப் பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் ‘கிளிக் கிளாக்’ என்று ஒரு சத்தம். அந்த ஒரே அசைவில் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே தெறிக்கும், புதுத் தோட்டா உள்ளே போகும், துப்பாக்கி மறுபடியும் சுடத் தயாராகிவிடும்.

இதில் என்ன லாபம்? அந்தக் காலத்தில் பெரிய வேட்டைக்காரர்கள் கொண்டுபோனது இரட்டைக்குழல் ரைஃபிள். இங்கிலாந்தில் கையால் செய்தது, விலை எக்கச்சக்கம். இரண்டு குண்டு சுட்டால் தீர்ந்தது, திரும்ப நிரப்ப வேண்டும். லீவர் ரைஃபிளில் நான்கைந்து தோட்டா வரிசையாகக் காத்திருக்கும். துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமலே அடுத்த குண்டு. புதருக்குள்ளிருந்து புலி பாய்ந்து வரும்போது கிடைப்பது ஓரிரு விநாடிதான். அந்த இரண்டாவது குண்டுதான் உயிர்.

இந்த மாடலை வடிவமைத்தவர் ஜான் பிரவுனிங். முந்தைய லீவர் ரைஃபிள்களில் தோட்டாக்கள் குழலுக்குக் கீழே ஒரு குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் படுத்திருக்கும். கூர்முனைத் தோட்டா போட்டால், ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் அடியில் குத்தி உள்ளேயே வெடித்துவிடும் ஆபத்து உண்டு. பிரவுனிங் குழாயை எடுத்துவிட்டு, தோட்டாக்களை மேலும் கீழுமாக அடுக்கும் பெட்டி வைத்தார். அதனால் பெரிய, வலுவான தோட்டாக்களைப் போட முடிந்தது.

405 ரகம் 1904-ல் வந்தது. சுமார் 19 கிராம் எடையுள்ள ஈயம், விநாடிக்கு ஏறத்தாழ 670 மீட்டர் வேகத்தில் போகும். அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்க வேட்டைக்குப் போனபோது சிங்கத்துக்கு என்று நம்பி எடுத்துப் போனது இதைத்தான். அந்தப் பேரும் சேர்ந்து, இதை வைத்திருப்பதே ஒரு கெத்து என்றானது.

ஜவளகிரியில் நடந்தது என்ன?

இந்த இடத்தில்தான் கதை திரும்புகிறது. தேன்கனிக்கோட்டை அருகே ஜவளகிரி. அங்கே ஒரு பெண் புலி மனிதர்களைக் கொல்ல ஆரம்பித்தது. ஆண்டர்சன் அதைத் தேடிப் போனார். ஆனால் தன் புத்தகத்தில் கதையை அவர் புலியிலிருந்து தொடங்கவில்லை, துப்பாக்கியிலிருந்து தொடங்குகிறார்.

முதலில் திருட்டு வேட்டைக்குப் போனவர்கள் அதன் ஜோடியைச் சுட்டுக் கொன்றார்கள். ஜோடியைத் தேடி அது இரவெல்லாம் கத்திக்கொண்டு அலைந்தது. பிறகு வந்த ஒரு வேட்டைக்காரர் சுட்ட குண்டு அதைக் காயப்படுத்தியது, கொல்லவில்லை. அதற்குப் பிறகுதான் அது மனிதர்கள் பக்கம் திரும்பியது.

ஆண்டர்சன் கடைசியில் ஆண் புலி மாதிரி குரல் கொடுத்து அதை நிலா வெளிச்சத்தில் வரவழைத்துச் சுட்டார். ஊருக்கு நிம்மதி. ஆனால் அவருக்கு அது வெற்றியாகத் தெரியவில்லை. ஜோடியைத் தேடி வந்த ஒன்றை ஏமாற்றிச் சுட்டதை நினைத்து வருந்தியே அந்தக் கதையை முடித்தார்.

இவர் கதைகளில் இது திரும்பத் திரும்ப வரும். ஆட்கொல்லி தானாக உருவாவதில்லை. முள்ளம்பன்றி முள் தைத்தோ, அரைகுறையாகச் சுட்ட குண்டு உள்ளே தங்கியோதான் பல விலங்குகள் ஓடும் இரையைப் பிடிக்க முடியாமல் மனிதனைத் தேடி வருகின்றன. எங்கோ ஒருவர் துப்பாக்கி ஆசையில் சுட்டுவிட்டுப் போய்விடுவார். அதற்கான விலையைக் கொடுப்பது விறகு பொறுக்கப் போன பெண்ணும், மாடு மேய்க்கப் போன சிறுவனும்.

ராமநாதபுரத்துக்கு இதில் என்ன சம்பந்தம்?

துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்ற கேள்விக்கு நம்ம சீமையில் ரத்த வரலாறே உண்டு. 1801 அக்டோபர் 24-ல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஆண்டு முடிவதற்குள், தென்சீமை மக்கள் ஆயுதம் வைத்திருக்கவே கூடாது என்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் அறிவித்தார். வளரி எறிந்த கைகள் வெறுங்கையாயின. 1878-ல் வந்த ஆயுதச் சட்டத்தில் இந்தியர்களுக்கு லைசென்ஸ் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு ஆரம்பத்தில் விலக்கு.

அதனால்தான் ஒரு நல்ல ரைஃபிள் என்பது வெறும் கருவியாக இல்லாமல் அந்தஸ்தாகவும் அதிகாரமாகவும் ஆனது. ஆட்கொல்லி வந்தால் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு, ரைஃபிள் உள்ள ஒருவர் வருவாரா என்று காத்திருக்க வேண்டிய நிலையும் அப்படித்தான் வந்தது.

இன்றைய சட்டம் என்ன சொல்லுது?

இப்போது பொருந்துவது 1959 ஆயுதச் சட்டம். ஒருவர் அதிகபட்சம் 3 துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை, 2019 திருத்தம் 2 ஆகக் குறைத்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று விண்ணப்பித்தால், குழலின் வாய் வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கும் துப்பாக்கியைத்தான் சட்டம் முதலில் சொல்கிறது. அது போதாது என்று அதிகாரி கருதினால், உட்பக்கம் வரிப்பள்ளம் இல்லாத வேறு வகைத் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம். வேட்டை ரைஃபிள் இந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றையும் கவனிக்கணும். துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தாலும் காட்டு விலங்கைச் சுட அது அனுமதி ஆகாது. அது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தனி விஷயம். காட்டுப்பன்றி விவகாரத்தில் தமிழக அரசு 2025 ஜனவரியில் எடுத்த முடிவின்படி, காப்புக்காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக் கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம், ஆனால் சுட வேண்டியது பயிற்சி பெற்ற வனத்துறையினர்தான், விவசாயி இல்லை.

கடைசிக் காலம்

1954-ல் ஆண்டர்சனின் முதல் வேட்டைப் புத்தகம் வந்தது. அடுத்தடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். வயது ஏற ஏற வேட்டை குறைந்தது, கேமரா கைக்கு வந்தது. காடு சுருங்குவதையும், ஜீப்பில் வந்து விளக்கடித்துச் சுடுபவர்களையும் பற்றிக் கோபமாக எழுதினார்.

1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தது. 1973 ஏப்ரல் 1-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு, 1974 ஆகஸ்ட் 30-ம் தேதி, 64 வயதில் புற்றுநோயால் ஆண்டர்சன் இறந்தார்.

அவர் சுற்றிய ஜவளகிரிக் காடு இப்போது காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயத்தில் இருக்கிறது. 2014-ல் அறிவிக்கப்பட்டது. லீவர் ரைஃபிளின் அந்த ‘கிளிக் கிளாக்’ சத்தத்தில் ஒரு ஈர்ப்பு இருக்கு, இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஈர்ப்பை முழுசாக அனுபவித்த மனிதரே, குறி தப்பிய ஒரு குண்டு எத்தனை உயிரைக் கேட்கும் என்று எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். பன்றிக்கு ஒரு துப்பாக்கி வேண்டும் என்று கேட்பவர்களுக்கும் அது பொருந்தும்.