ஒரே அடியில் சாய்க்கும் பலம்.. 364 நாளில் பறிபோன பட்டம்! யார் இந்த மேக்ஸ் பேயர்?

ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் பலமான அடிக்குப் பெயர் வாங்கியவர்கள் நிறைய பேர். ஆனா அந்தப் பலத்தைப் பார்த்து அவங்களே பயந்துபோன கதை தெரியுமா? அமெரிக்காவைச் சேர்ந்த மேக்ஸ் பேயரின் கதை கிட்டத்தட்ட அப்படித்தான். உலக சாம்பியன் ஆனார். ஆனாலும், இன்னும் எவ்வளவோ சாதித்திருக்கலாமே என்ற பேச்சுதான் இன்றுவரை மிஞ்சி நிற்கிறது. என்ன நடந்தது? விரிவாகப் பார்க்கலாம்.

கறிக்கடையில் வந்த பலம்

1909 பிப்ரவரி 11-ல் நெப்ராஸ்கா மாகாணத்தின் ஒமாஹா நகரில் பிறந்தவர் பேயர். அப்பா இறைச்சி வியாபாரி. குடும்பம் பின்னாளில் கலிஃபோர்னியாவின் லிவர்மோருக்குக் குடிபெயர்ந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய பேயர், அப்பாவோடு சேர்ந்து கனமான இறைச்சியைத் தோளில் தூக்கிச் சுமந்தார். அகன்ற தோளும் கை பலமும் அப்படி வந்ததுதான். 1929-ல் தொழில்முறை வீரராக ரிங்கில் இறங்கினார். அவரது வலது கை அடிக்கு எதிராளிகள் வரிசையாகச் சாய்ந்தார்கள்.

எல்லாவற்றையும் மாற்றிய ஒரு சண்டை

1930 ஆகஸ்ட் 25. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஃப்ராங்கி கேம்பெல் என்ற வீரரோடு மோதினார் பேயர். 5-வது ரவுண்டில் கேம்பெல் கயிற்றோரம் மாட்டிக்கொண்டார். நினைவு தப்பிய நிலையிலும் கயிறு தாங்கிப் பிடித்ததால் அவர் கீழே விழவில்லை. நடுவரும் சண்டையை உடனே நிறுத்தவில்லை. பேயரின் அடிகள் தொடர்ந்து விழுந்தன. மறுநாள் மருத்துவமனையில் கேம்பெல் உயிரிழந்தார்.

பேயர் மீது மரணத்தை விளைவித்ததாக வழக்கு பாய்ந்தது. நீதிமன்றம் அவரை விடுவித்தாலும், கலிஃபோர்னியா குத்துச்சண்டை ஆணையம் ஓராண்டு தடை விதித்தது. அதைவிடப் பெரிய தண்டனை அவர் மனசுக்குள்ளேயே இருந்தது. அந்தச் சண்டை பல ஆண்டுகள் கெட்ட கனவாக வந்து அவரைத் துரத்தியது. அடுத்தடுத்த சண்டைகளில் கிடைத்த பணத்தை கேம்பெலின் குடும்பத்துக்குக் கொடுத்தார். அவரது பிள்ளைகளின் படிப்புக்கும் உதவினார்.

ரிங்கில் அதன் பாதிப்பு அப்பட்டமாகத் தெரிந்தது. அடுத்த 6 சண்டைகளில் 4-ல் தோல்வி. அப்போதுதான் முன்னாள் சாம்பியன் ஜாக் டெம்ப்சி கைகொடுத்தார். பேயர் கையை அகலமாகச் சுழற்றி வீசுவதால், அடி வருவது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது என்பதைக் கவனித்து, குறுகிய தூரத்தில் குத்தப் பழக்கினார்.

உச்சம் தொட்ட இரண்டு ஆண்டுகள்

1933 ஜூன் 8, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம். ஜெர்மனியின் மேக்ஸ் ஷ்மெலிங்கோடு மோதல். ஹிட்லர் ஆட்சிக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்த நேரம். பேயரின் அப்பா வழித் தாத்தா யூதர். தாவீதின் நட்சத்திரம் பொறித்த கால்சட்டையோடு வந்த பேயர், 10-வது ரவுண்டில் ஷ்மெலிங்கை வீழ்த்தினார். இத்தனைக்கும் ஷ்மெலிங் நாஜி கட்சி உறுப்பினர் இல்லை. அவரது மேனேஜரே ஒரு யூதர்தான். ஆனாலும் அமெரிக்க யூதர்களுக்கு பேயர் ஹீரோ ஆனார்.

1934 ஜூன் 14-ல் உலகப் பட்டத்துக்கான சண்டை. எதிரில், சுமார் 120 கிலோ எடையுள்ள இத்தாலிய சாம்பியன் பிரிமோ கார்னெரா. அந்த மலை மனிதரை 11 முறை தரையில் வீழ்த்தி, 11-வது ரவுண்டில் பட்டத்தைத் தட்டினார் பேயர். அப்போது அவருக்கு வயது 25.

364 நாளில் சரிந்தது எப்படி?

பட்டம் வந்ததும் பயிற்சி குறைந்தது. சினிமா, பார்ட்டி, கேலி கிண்டல் என நாட்கள் ஓடின. 1935 ஜூன் 13-ல் ஜேம்ஸ் பிராடக்கை எதிர்கொண்டார். துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அரசு நிவாரணத்தில் குடும்பம் நடத்தியவர் பிராடக். அவர் ஜெயிப்பார் என்று யாருமே நினைக்கவில்லை. பேயரும் நினைக்கவில்லை, ரிங்கிலேயே கோமாளித்தனம் செய்தார். 15 ரவுண்டு முடிவில் புள்ளிகள் அடிப்படையில் பட்டம் பிராடக்குக்குப் போனது. ஓராண்டுக்கு ஒரு நாள் குறைவு!

அதே ஆண்டு செப்டம்பரில், இளம் ஜோ லூயிஸ் 4-வது ரவுண்டிலேயே பேயரை நாக் அவுட் செய்தார். அதன்பின் உலகப் பட்டத்துக்கான வாய்ப்பு பேயருக்குத் திரும்ப வரவே இல்லை. 1941-ல் ரிங்கை விட்டு விலகினார்.

சோம்பலா? பயமா?

பேயர் ஏன் முழு உயரத்தை எட்டவில்லை? இதற்கு இரண்டு பதில்கள் சொல்வார்கள். பயிற்சியில் அக்கறை இல்லை என்பது ஒன்று. கேம்பெலின் மரணத்துக்குப் பிறகு, தடுமாறி நிற்கும் எதிராளியை முடித்துக்கட்ட அவர் தயங்கினார் என்பது இன்னொன்று. இரண்டிலும் உண்மை இருக்கலாம். ஆனா, 50-க்கும் மேற்பட்ட நாக் அவுட்கள் அந்தக் கை பலத்துக்குச் சாட்சி. 2003-ல் ரிங் பத்திரிகை வெளியிட்ட, பலமாகக் குத்தும் 100 வீரர்கள் பட்டியலில் பேயருக்கு 22-வது இடம்.

படம் சொன்னதும், நடந்ததும்

1959 நவம்பர் 21-ல், ஹாலிவுட்டில் ஒரு ஹோட்டலில் மாரடைப்பால் பேயர் காலமானார். வயது வெறும் 50. அவரது உடலைச் சுமந்தவர்களில் அவரை வீழ்த்திய ஜோ லூயிஸும் ஒருவர்.

2005-ல் பிராடக்கின் வாழ்க்கையைச் சொல்லி வெளியான 'சிண்ட்ரெல்லா மேன்' படம், பேயரை ஈவிரக்கமற்ற வில்லனாகக் காட்டியது. நடிகரான அவரது மகன் மேக்ஸ் பேயர் ஜூனியர் இதைக் கடுமையாக எதிர்த்தார். அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் ஒன்றை மட்டும் மறந்துவிட வேண்டாம்: நிஜ பேயர், தன் அடியில் இறந்துபோனவரின் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர்.