இமாம் ஷாஃபிஈயின் வாழ்வும் திலாவத் சஜ்தா விதிகளும்

ஆய்வுச் சுருக்கம்

திருக்குர்ஆனில் குறிப்பிட்ட சில வசனங்களை ஓதும்போது, ஓதுபவரும் அதனைச் செவிமடுப்பவரும் நிலத்தில் நெற்றி பதித்துப் பணிவது திலாவத் சஜ்தா எனப்படும். இப்பணிவு கட்டாயமா, விரும்பத்தக்கதா என்பதிலும் அதற்குரிய இடங்கள் எத்தனை என்பதிலும் இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. இச்சிறு வழிபாட்டு விதியில் இமாம் ஷாஃபிஈ தம் ஆசிரியர் இமாம் மாலிக்கின் நிலைப்பாட்டிலிருந்தும் தமது முந்தைய நிலைப்பாட்டிலிருந்தும் விலகினார். அவ்விலகலை அவரது வாழ்க்கைப் பயணத்தோடு பொருத்திக் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: ஷாஃபிஈ, மாலிக், திலாவத் சஜ்தா, முவத்தா, மத்ஹபு, பழைய கருத்து, புதிய கருத்து

முன்னுரை

சட்ட அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய பெருநூல்களையும் அரசவை நிகழ்வுகளையும் முதன்மைப்படுத்துவர். எனினும், ஓர் அறிஞரின் சிந்தனை முறை சிறிய விதிகளிலேயே தெளிவாகப் புலப்படுவதும் உண்டு. இமாம் ஷாஃபிஈயைப் பொறுத்தவரை திலாவத் சஜ்தா அத்தகையதொரு விதியாகும். நொடிப்பொழுதில் நிறைவேறும் ஒரு பணிவைப் பற்றியதாயினும், அதற்குள் இரண்டு பெரும் வினாக்கள் அடங்கியுள்ளன. ஓர் ஊரின் வழிவழி நடைமுறையும் நபிகள் நாயகத்தைப் பற்றிய நம்பத்தகுந்த செய்தியும் முரண்பட்டால் எதனை ஏற்பது என்பது முதல் வினா. நபிகளார் ஒரு செயலைச் சில வேளைகளில் செய்தும் சில வேளைகளில் விடுத்தும் இருந்தால் அதற்குரிய சட்டநிலை யாது என்பது இரண்டாவது வினா. இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடியதே ஷாஃபிஈயின் அறிவு வாழ்வு எனில் அது மிகையாகாது.

மக்கா: ஓதலும் மொழியும்

முஹம்மது இப்னு இத்ரீஸ் என்னும் இயற்பெயருடைய ஷாஃபிஈ, ஹிஜ்ரி 150ஆம் ஆண்டில் (பொ.ஆ. 767) காஸாவில் பிறந்தார். குறைஷிக் குலத்தின் முத்தலிபு கிளையைச் சேர்ந்தவர். தந்தையை இளமையிலேயே இழந்த அவரை, உறவினர் வாழ்ந்த மக்காவுக்குத் தாயார் அழைத்துச் சென்றார். வறுமையிலும் கல்வி தடைப்படவில்லை. ஏழு வயதில் குர்ஆன் முழுவதையும், பத்து வயதில் இமாம் மாலிக்கின் முவத்தா நூலையும் அவர் மனனம் செய்தார் என வரலாற்று நூல்கள் கூறுகின்றன. ஹுதைல் குலத்தாரிடையே தங்கி அரபுக் கவிதையையும் தூய மொழிவழக்கையும் கற்றார். அவர் குர்ஆனை ஓதக் கேட்டோர் கண்ணீர் சிந்தினர் என்பதும் அவரைப் பற்றிய மரபுச் செய்திகளுள் ஒன்றாகும்.

மக்காவில் முஸ்லிம் இப்னு காலித் அஸ்ஸன்ஜீ, சுஃப்யான் இப்னு உயைனா ஆகியோர் அவருடைய ஆசிரியர்களாக விளங்கினர். மக்காவின் கல்விமரபு நபித்தோழர் இப்னு அப்பாஸின் வழிவந்தது. திலாவத் சஜ்தா குறித்த ஒரு முக்கியச் செய்தியும் இப்னு அப்பாஸ் வழியாகவே கிடைக்கிறது. ஸாத் அத்தியாயத்தில் தாவூது நபி மனம் வருந்தி மீண்டதைக் கூறும் இடத்தில் நபிகளார் பணிந்ததைத் தாம் கண்டதாகவும், ஆயினும் அது வலியுறுத்தப்பட்ட சஜ்தாக்களுள் ஒன்றன்று எனவும் அவர் தெரிவித்துள்ளார். பிற்காலத்தில் ஷாஃபிஈ இவ்விடத்தைத் திலாவத் சஜ்தாவாகக் கொள்ளாமல் நன்றிப் பணிவாகக் கொண்டமை இச்செய்தியோடு ஒத்துச் செல்கிறது.

மதீனா: பதினொன்று என்னும் வரையறை

முவத்தாவை மனத்தில் ஏந்தியவராய் இளைஞர் ஷாஃபிஈ மதீனா சென்று மாலிக்கிடமே பாடம் கேட்டார். ஹிஜ்ரி 179இல் (பொ.ஆ. 795) மாலிக் காலமாகும் வரை அவ்வாசிரியர்–மாணவர் உறவு நீடித்தது. மாலிக்கின் அணுகுமுறையில் மதீனத்து மக்களின் நடைமுறைக்குத் தனி மதிப்பு உண்டு. நபிகளார் வாழ்ந்து மறைந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் வழக்கம், தனியொருவர் அறிவிக்கும் செய்தியைக் காட்டிலும் உறுதியான சான்று என்பது அதன் அடிப்படை.

முவத்தாவில் குர்ஆன் சஜ்தாக்களுக்கெனத் தனிப்பகுதி உள்ளது. இன்ஷிகாக் அத்தியாயத்தில் அபூஹுரைரா பணிந்து, நபிகளாரும் அவ்வாறே பணிந்தார் எனத் தெரிவித்த செய்தி அதில் இடம்பெறுகிறது. கலீஃபா உமர் நஜ்ம் அத்தியாயத்தில் பணிந்ததும், ஹஜ் அத்தியாயத்தில் இருமுறை பணிந்ததும் அங்கேயே பதிவாகியுள்ளன. ஆயினும் இப்பகுதியில் மாலிக் முடிவாகக் கூறுவது வேறு. வலியுறுத்தப்பட்ட சஜ்தாக்கள் பதினொன்றே என்றும், முஃபஸ்ஸல் எனப்படும் இறுதிப் பகுதியின் குறுகிய அத்தியாயங்களில் சஜ்தா எதுவும் இல்லை என்றும் அவர் வரையறுக்கிறார். தாமே பதிவுசெய்த செய்திகளைவிட ஊர் நடைமுறைக்கு அவர் முதன்மை தந்தார் என்பது இங்குப் புலனாகிறது. இந்நூலை இளமையிலேயே மனனம் செய்த ஷாஃபிஈக்குச் செய்தியும் முடிவும் விலகி நிற்கும் இவ்விடம் புதிதன்று.

ஈராக்: எதிர்வாதத்தின் அறிமுகம்

மாலிக்கின் மறைவுக்குப் பின் ஷாஃபிஈ யமன் நாட்டில் அரசுப் பணி ஏற்றார். அங்கு அலீயின் வழித்தோன்றல்களுக்கு ஆதரவாகச் செயல்பட்டார் என்னும் குற்றச்சாட்டுக்கு ஆளாகி, ஹிஜ்ரி 184இல் கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் முன் நிறுத்தப்பட்டார். உயிருக்கே இடர் நேரக்கூடிய அச்சூழலிலிருந்து அவர் மீண்டமைக்கு அபூஹனீஃபாவின் மாணவரான முஹம்மது இப்னு அல்ஹஸன் அஷ்ஷைபானீ துணைநின்றார் என வரலாற்றாசிரியர் பலர் கூறுவர். அரசுப் பணியைக் கைவிட்ட ஷாஃபிஈ, அந்த ஷைபானீயிடமே ஈராக்கியச் சட்ட மரபைக் கற்றார்.

ஷைபானீயும் ஒருகாலத்தில் மாலிக்கிடம் முவத்தாவைக் கேட்டவரே. தாம் அறிவித்த முவத்தாப் படியில், இன்ஷிகாக் சஜ்தாவைத் தம் பள்ளி ஏற்பதாகவும் மாலிக் அதனை ஏற்கவில்லை என்றும் அவர் குறிப்பு எழுதியுள்ளார். ஈராக்கியர் மற்றொரு வகையிலும் வேறுபட்டனர். சஜ்தா வசனத்தை ஓதியவர்மீதும், கேட்கும் நோக்கமின்றித் தற்செயலாகக் காதில் விழப்பெற்றவர்மீதும் பணிவு கடமையாகிறது என்பது அவர்தம் கொள்கை. குர்ஆன் ஓதப்படும்போது பணியாதவர்களை அவ்வேதமே கண்டிப்பது அவர்கள் காட்டும் சான்றுகளுள் ஒன்று. அவர்தம் கணக்கில் இடங்கள் பதினான்கு. ஸாத் அதில் அடங்கும், ஹஜ் அத்தியாயத்தின் இரண்டாம் இடம் அடங்காது.

இவ்வாதங்களை நேரில் அறிந்திருந்தும் ஷாஃபிஈ உடனடியாக நிலைமாறவில்லை. மக்கா திரும்பிக் கற்பித்து, ஹிஜ்ரி 195இல் மீண்டும் பக்தாத் வந்து, ஸஅஃபரானீ, அபூஸவ்ர், அஹ்மது இப்னு ஹன்பல் முதலானோருக்குப் பாடம் நடத்திய காலத்தில் அவர் கொண்ட கருத்துகள் பழைய கருத்து என அவருடைய பள்ளியில் வழங்கப்படுகின்றன. அதன்படி சஜ்தாக்கள் பதினொன்று. முஃபஸ்ஸலில் எதுவும் இல்லை. மதீனா சென்ற பின் நபிகளார் முஃபஸ்ஸலில் பணியவில்லை என்னும் இப்னு அப்பாஸ் வழிச் செய்தி இதற்குச் சான்றாகக் காட்டப்படும். இப்பதினொன்று மாலிக்கின் பதினொன்றே அன்று என்பது கருதத்தக்கது. மாலிக் ஸாத் அத்தியாயத்தைச் சேர்த்து, ஹஜ் அத்தியாயத்தின் இரண்டாம் இடத்தை விடுகிறார். ஷாஃபிஈயோ ஹஜ் அத்தியாயத்தின் இரு இடங்களையும் சேர்த்து ஸாதை விடுகிறார். எண் ஒன்றாயினும் அதனை அடைந்த வழி வேறாகும்.

எகிப்து: ஆசிரியருக்கு எதிரான சான்று

ஹிஜ்ரி 199ஆம் ஆண்டளவில் ஷாஃபிஈ எகிப்தின் ஃபுஸ்தாத் நகரை அடைந்தார். அங்கு மாலிக்கின் மாணவர்களே கல்வியுலகில் செல்வாக்குடன் விளங்கினர். மாலிக்கின் மாணவர் ஒருவரே மாலிக்கை மறுப்பதை அவர்கள் எளிதில் பொறுத்துக்கொள்ளவில்லை. ஆசிரியர்மீது ஷாஃபிஈ கொண்டிருந்த மதிப்பு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் சான்றின் முன் அம்மதிப்பு தடையாக நிற்கலாகாது என்பதே அவர் நிலைப்பாடு.

மாலிக்கோடு தமக்குள்ள கருத்து வேறுபாடுகளைத் தொகுத்துரைக்கும் பகுதியில் சஜ்தா குறித்த விவாதமும் வருகிறது. முஃபஸ்ஸலில் சஜ்தா இல்லை என்பதில் மக்கள் ஒருமித்துள்ளனர் என்னும் மதீனத்தாரின் கூற்றை அவர் அங்குக் கேள்விக்குள்ளாக்குகிறார். அதற்காக அவர் புறத்தே சான்று தேடவில்லை; மாலிக்கே அறிவித்த செய்திகளை எடுத்து முன்வைக்கிறார். நபிகளாரும் அபூஹுரைராவும் உமரும் பணிந்ததாக அறிவித்துவிட்டு, பணியாமையில் ஒருமிப்பு உள்ளதென எவ்வாறு கூற இயலும் என்பதே அவ்விவாதத்தின் சாரம். அபூஹுரைரா ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் நபிகளாரிடம் வந்து சேர்ந்தவர். ஆதலின் அவர் கண்ட பணிவு மதீனா காலத்ததே என்னும் வாதத்தைப் பின்வந்த ஷாஃபிஈ அறிஞர்கள் இதனோடு சேர்த்து வலுப்படுத்தினர். இதுவே பதினான்கு சஜ்தாக்கள் என்னும் புதிய கருத்து.

அவ்விடங்கள் அஃராஃப், ரஃது, நஹ்ல், இஸ்ரா, மர்யம், ஹஜ் (இரண்டு), ஃபுர்கான், நம்ல், ஸஜ்தா, ஃபுஸ்ஸிலத், நஜ்ம், இன்ஷிகாக், அலக் என்பன. இறுதி மூன்றும் புதிய கருத்தில் சேர்ந்தவை.

எண்ணிக்கையில் ஈராக்கியரை ஒத்துவந்த ஷாஃபிஈ, கட்டாயம் என்னும் அவர்தம் கொள்கையை ஏற்கவில்லை. நஜ்ம் அத்தியாயத்தில் நபிகளார் பணிந்ததாக ஒரு செய்தி உண்டு. ஸைத் இப்னு ஸாபித் அதே அத்தியாயத்தை ஓதிக் காட்டியபோது நபிகளார் பணியவில்லை என மற்றொரு செய்தியும் உண்டு. முரண்படுவனபோல் தோன்றும் செய்திகளை ஆராயும் தம் நூலில் ஷாஃபிஈ இவ்விரண்டையும் ஒருங்கே வைத்து நோக்குகிறார். ஒன்றை மற்றொன்றால் அவர் தள்ளவில்லை. பணிந்தமை அதன் சிறப்பையும், விடுத்தமை அது கடமையன்று என்பதையும் காட்டுவதாக இரண்டுக்கும் இடமளிக்கிறார். உமர் ஒரு வெள்ளிக்கிழமை மேடையில் சஜ்தா வசனத்தை ஓதி இறங்கிப் பணிந்ததும், மற்றொரு வெள்ளிக்கிழமை மக்கள் பணிய ஆயத்தமானபோது அது விதிக்கப்பட்டதன்று எனத் தடுத்ததும் இம்முடிவுக்கு அரணாகின்றன. இச்செய்தியும் முவத்தாவில் உள்ளதே.

விதிகளின் அமைப்பு

வலியுறுத்தப்பட்ட சுன்னத் என்னும் இத்தீர்ப்பிலிருந்தே ஷாஃபிஈ பள்ளியின் ஏனைய விதிகள் கிளைக்கின்றன. தொழுகைக்கு வேண்டிய தூய்மை, உடல் மறைப்பு, கிப்லாவை நோக்குதல் ஆகியன இதற்கும் வேண்டும். தொழுகைக்கு வெளியே ஓதுபவர் மனத்தில் எண்ணம் கொண்டு, தொடக்கத் தக்பீர் கூறி, மீண்டும் தக்பீருடன் ஒருமுறை பணிந்து, எழுந்து ஸலாம் கொடுத்து நிறைவுசெய்வார். தொழுகைக்குள் பணிவும் அதற்குரிய தக்பீர்களும் மட்டும் போதும். பின்தொழுபவர் இமாமைப் பின்பற்றுவார். கருதிக் கேட்பவருக்கு வலியுறுத்தல் மிகுதி. தற்செயலாகக் கேட்டவருக்குக் குறைவு. ஓதியபின் நெடுநேரம் கடந்துவிட்டால் ஈடு செய்ய வேண்டியதில்லை. ஹனஃபீ பள்ளியிலோ, கடமை என்பதால் பின்னரும் அது பொறுப்பில் நிற்கும். இவ்வேறுபாடுகள் அனைத்தும், விடுத்தமையைக் கூறும் ஸைத் வழிச் செய்தியை இரு பள்ளிகளும் எவ்வாறு விளங்கிக்கொண்டன என்பதோடு தொடர்புடையன.

முடிவுரை

ஹிஜ்ரி 204 ரஜபு மாத இறுதியில் (பொ.ஆ. 820) தமது ஐம்பத்து நான்காம் வயதில் ஷாஃபிஈ ஃபுஸ்தாதில் காலமானார். எகிப்தில் வாழ்ந்த ஆண்டுகள் ஏறத்தாழ ஐந்தே. நோயின் இடையிலும் நூல்களைத் திருத்திக்கொண்டிருந்த அவருடைய இறுதிக்காலக் கருத்துகளை புவைத்தீ, முஸனீ, ரபீஉ முராதீ ஆகிய மாணவர்கள் பாதுகாத்தனர். அவர் அடக்கத்தலத்தின்மீது ஐயூபிய மன்னர் அல்காமில் 1211இல் பெருங்கவிமாடம் எழுப்பினார்.

அவருடைய பள்ளி கடல்வழிகளில் பரவி, காயல்பட்டினம், கீழக்கரை முதலிய தமிழகக் கரையூர்களிலும் இலங்கையிலும் நிலைபெற்றது. தமிழகத்தின் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபீ பள்ளியினர் மிகுதி. எனவே ரமலான் இரவுத் தொழுகையில் ஸாத் அத்தியாயம் ஓதப்படும்போது ஹனஃபீ இமாம் பணிவார். அவர் பின் நிற்கும் ஷாஃபிஈ, அவர் எழும்வரை நின்றவாறே காத்திருக்கலாம் என ஷாஃபிஈ சட்டநூல்கள் வழிகாட்டுகின்றன. ஒரே அணியில் நிற்போரிடையே பிளவின்றி வேறுபாட்டைத் தாங்கும் வழி இது.

ஹனஃபீயர் வழக்கையொட்டி இந்தியாவில் அச்சாகும் குர்ஆன் படிகளில் ஹஜ் அத்தியாயத்தின் எழுபத்தேழாம் வசனத்தருகே, ஷாஃபிஈயிடம் இது சஜ்தா என்னும் ஓரக்குறிப்பு காணப்படும். தம் பள்ளி ஏற்காத ஓர் இடத்தையும் ஏற்பவரின் பெயரோடு பதிவுசெய்யும் நேர்மை அது. ஆசிரியரின் முடிவை மறுத்தபோதும் ஆசிரியர் அறிவித்த செய்தியைக் கைவிடாத ஷாஃபிஈயின் ஆய்வு நெறியோடு அந்த ஓரக்குறிப்பும் இயைந்து நிற்கிறது.