தக்கையில் பிறந்த குதி

பருவத்துக்கு ஒரு மோஸ்தராக மாறும் பெண்களின் காலணிகளை ஆடம்பரப் பொருள்களின் பட்டியலில் சேர்த்துவிட்டு அப்பால் நகர்வது பொருளாதாரம் படித்தவர்களின் வழக்கம். நான் அப்படி நகர்ந்ததில்லை. மூலப்பொருள் கிடைக்காமல் போனால் ஒரு தொழில் என்ன ஆகும் என்பதை வகுப்பில் விளக்க, எஃகு ஆலைகளைவிட எனக்குப் பெரிதும் உதவியவர் இத்தாலியக் காலணிக் கலைஞர் சால்வதோரே ஃபெர்ரகாமோதான்.

1898-இல் தெற்கு இத்தாலியின் பொனிட்டோ என்னும் சிற்றூரில், 14 குழந்தைகள் கொண்ட ஏழை வேளாண் குடும்பத்தில் 11-ஆவது பிள்ளையாகப் பிறந்தவர் அவர். காலணி தைப்பது இழிதொழில் என்று பெற்றோர் எண்ணினர். (தோலைத் தொடும் கைகளைத் தாழ்வாகப் பார்ப்பது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய நோய் அன்று போலும்!) தேவாலயச் சடங்குக்கு வீட்டுப் பெண்களுக்கு வெள்ளைக் காலணி வாங்க வழியில்லாதபோது, ஒன்பது வயதுச் சிறுவன் ஓர் இரவில் அதைச் செய்து முடித்தான். அதன் பிறகே எதிர்ப்பு தணிந்தது.

நேபிள்ஸில் தொழில் பழகி, பதின்ம வயதிலேயே அமெரிக்கா சென்றார். பாஸ்டனில் எந்திரங்கள் உமிழ்ந்த கனத்த காலணிகள் அவருக்குப் பிடிக்கவில்லை. கலிஃபோர்னியாவுக்குச் சென்று திரைப்பட நடிகர்களுக்குக் காலணி செய்யத் தொடங்கினார். 1923-இல் ஹாலிவுட்டில் கடை திறந்தார். அழகான காலணி ஏன் வலிக்கிறது என்ற கேள்வி அவரை விடவில்லை. அதற்காகவே உடற்கூறியல் பயின்று, நிற்கும் மனிதனின் எடை பாதத்தின் வளைவின்மீது இறங்குகிறது என்றும், தாங்கு தேவைப்படுவது அங்கேதான் என்றும் முடிவுக்கு வந்தார்.

தேர்ந்த கைவினைஞர்கள் அமெரிக்காவில் போதிய அளவில் கிடைக்காததால் 1927-இல் இத்தாலிக்குத் திரும்பி ஃபிளாரன்ஸில் பட்டறை அமைத்தார். கைவேலைக்காரர்களை வரிசையாக அமர்த்தி, ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி வேலையைப் பிரித்துக் கொடுத்தார். ஆடம் ஸ்மித் வருணித்த குண்டூசிப் பட்டறையின் வேலைப் பிரிவினைதான் அது. ஆனால், பட்டறை பெரிதும் நம்பியிருந்தது அமெரிக்கக் கடைகளை. 1929-இல் அங்கு தொடங்கிய பெருமந்தம் அவரையும் வீழ்த்தியது, 1933-இல் நொடித்துப்போனார். ஒற்றைச் சந்தையை நம்பிய ஏற்றுமதியாளர் பலருக்கும் நேர்ந்த கதிதான்.

மீண்டெழுந்தபோது அடுத்த அடி விழுந்தது. 1935-இல் முசோலினியின் படைகள் எத்தியோப்பியாவுக்குள் புகுந்தன. உலக நாடுகள் சங்கம் இத்தாலிமீது பொருளாதாரத் தடை விதித்தது. உயர்ந்த குதி கொண்ட காலணியின் அடியில், வளைவைத் தாங்க ஒரு மெல்லிய எஃகுத் தகடு வேண்டும். நல்ல எஃகு அரிதாகிவிட்டது, கிடைத்ததோ ஒடிந்தது. தகடு இல்லாமல் வளைவைத் தாங்குவது எப்படி? குதிக்கும் முன்பாதத்துக்கும் இடையிலான வெற்றிடத்தையே சார்டீனியத் தீவின் தக்கையால் நிரப்பிவிட்டார். தனிக் குதி மறைந்தது. அடிப்பாகம் முழுவதும் ஒரே ஆப்பு வடிவமானது. இன்று கடைகளில் 'வெட்ஜ்' என்று பெண்கள் கேட்டு வாங்குவது இதைத்தான்.

பற்றாக்குறை விலையை உயர்த்தும் என்று பாடநூல் சொல்கிறது. இங்கு அது பொருளின் வடிவத்தையே மாற்றியது. நல்ல தோல் அருகியபோது ரஃபியா நார், சணல், மீன் தோல், மிட்டாய் சுற்றும் செல்லோஃபேன் தாள் ஆகியவையும் காலணியாயின. எளிய பொருள்களால் ஆனவை என்பதால் சீமாட்டிகள் ஒதுக்கவில்லை. காப்புரிமை பெற்ற பின்னரும் ஆப்புக் காலணியைப் பல நாட்டுத் தொழிற்சாலைகள் நகலெடுத்தன. அடுத்த பருவத்தில் மாறிவிடும் மோஸ்தருக்கு நீதிமன்றத்தின் மெதுநடை எப்படி ஈடுகொடுக்கும்?

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் கலைஞனின் சாதுரியத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தப் பற்றாக்குறை இயற்கை கொடுத்ததன்று. ஓர் ஆப்பிரிக்க நாட்டின்மீது தொடுக்கப்பட்ட அநியாயப் போரின் விளைவு. முசோலினியும் ஃபெர்ரகாமோவின் வாடிக்கையாளர்களுள் ஒருவர். தக்கைக் குதியின் கதையை எத்தியோப்பியாவின் பெயர் இல்லாமல் கூறுவது பாதிக் கணக்கு.

போருக்குப் பின் புகழ் பெருகியது. 1947-இல் நைலான் இழைகளால் பாதத்தின் மேற்பகுதி அமைந்த 'கண்ணுக்குத் தெரியாத' செருப்பு அவருக்கு அமெரிக்காவில் விருது பெற்றுத் தந்தது. 1950-களில் ஏறத்தாழ 700 கைவினைஞர்கள் நாளொன்றுக்கு 350 ஜோடிகள் செய்தனர். அதாவது, ஓர் ஆளின் ஒரு நாள் உழைப்பு அரை ஜோடி. ஒற்றைக் காலுக்கு ஒன்று. வடிவமைப்பாளர் காலணியின் விலையைக் கண்டு வியப்பவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்கலாம்.

1960-இல், 62-ஆம் வயதில் அவர் மறைந்தார். அதுவரை தொழிலில் ஈடுபட்டிராத மனைவி வாண்டா, ஆறு பிள்ளைகளின் தாய், நிறுவனப் பொறுப்பை ஏற்றார். அது காலணியைக் கடந்து ஆடை, கைப்பை என விரிந்தது. ஃபிளாரன்ஸில் கணவர் வாங்கிய பழைய மாளிகையில் இன்று காலணி அருங்காட்சியகம் இயங்குகிறது. மர்லின் மன்றோ, ஆட்ரி ஹெப்பர்ன் போன்றோரின் பாத அளவுக்குச் செதுக்கிய மர அச்சுகள் பெயர் தாங்கி அந்த நிறுவனத்தின் பாதுகாப்பில் உள்ளன.