சின்ன மருது

சின்ன மருது (1753 – அக்டோபர் 24, 1801) சிவகங்கைச் சீமையின் பிரதானியாகவும் படைத்தலைவராகவும் விளங்கியவர் ஆவார். 1800-1801ஆம் ஆண்டுகளில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு எதிராகத் தென்தமிழகத்தில் எழுந்த கிளர்ச்சியின் முதன்மைத் தலைவர்களுள் ஒருவர். இவரும் இவரது தமையன் பெரிய மருதுவும் சேர்த்து மருது பாண்டியர் அல்லது மருது சகோதரர்கள் என அழைக்கப்படுகின்றனர்.

பிறப்பும் பெயரும்

இன்றைய விருதுநகர் மாவட்டத்தில் உள்ள நரிக்குடிக்கு அருகில் முக்குளம் என்ற சிற்றூரில் மொக்கப் பழநியப்பன், பொன்னாத்தாள் தம்பதியருக்குப் பிறந்தார். தமையன், தம்பி இருவருக்குமே மருது என்பதே பெயர். "பெரிய", "சின்ன" என்ற அடைமொழிகளே இவர்களை வேறுபடுத்துகின்றன. இதனால் ஒருவரின் செயல்கள் மற்றவருக்கு உரியனவாகக் கூறப்படுவது உண்டு. இருவரையும் நேரில் அறிந்திருந்த கம்பெனிப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ், 1830இல் வெளிவந்த தமது நினைவுக் குறிப்புகளில் இந்த வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறார். பெரிய மருது வேட்டையில் நாட்டம் கொண்டவர், உடல் வலிமைக்குப் பெயர் பெற்றவர். ஆட்சிப் பொறுப்பைக் கவனித்தவர் சின்ன மருதுவே. சிறுவயலில் இருந்த அவரது மாளிகைக்குக் காவல் இல்லை என்றும், எவரும் உள்ளே சென்று அவரைக் காண முடிந்தது என்றும் வெல்ஷ் எழுதியுள்ளார். ஈட்டி எறியவும் வளரி வீசவும் வெல்ஷுக்குக் கற்றுக்கொடுத்தவரும் இவரே.

சிவகங்கை மீட்பு

சகோதரர்கள் இருவரும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணியாற்றினர். 1772இல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் தொடுத்த போரில் மன்னர் காளையார்கோவிலில் கொல்லப்பட்டார். அரசி வேலு நாச்சியாருடன் சகோதரர்கள் திண்டுக்கல் பகுதியில் உள்ள விருப்பாச்சிக்குச் சென்று, ஐதர் அலியின் உதவியைப் பெற்றனர். எட்டு ஆண்டுகளுக்குப் பின், 1780இல் சிவகங்கை மீட்கப்பட்டது.

1801ஆம் ஆண்டுப் போர்

1799இல் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாளையங்கோட்டையில் சிறை வைக்கப்பட்டிருந்த அவரது தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை வீழ்ந்தபின் அவர் சின்ன மருதுவிடம் அடைக்கலம் புகுந்தார். அவரை ஒப்படைக்க மருது சகோதரர்கள் மறுத்ததே போருக்கு உடனடிக் காரணம் ஆயிற்று.

அவ்வாண்டு ஜூன் மாதம் சின்ன மருது வெளியிட்ட அறிக்கை திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டது. தம் சீமையை மட்டுமன்றி நாவலந்தீவு எனப்பட்ட நாடு முழுவதையும், எல்லாச் சாதியினரையும் சமயத்தினரையும் நோக்கி அது எழுதப்பட்டிருந்தது. பாளையங்கள் தனித்தனியே போரிட்டு வீழ்ந்துகொண்டிருந்த காலத்தில் இது குறிப்பிடத்தக்கது.

கர்னல் அக்னியூ தலைமையிலான படை சிறுவயலை அடைந்தபோது ஊர் தீக்கிரையாக்கப்பட்டிருந்தது. அங்கிருந்து காளையார்கோவிலுக்கு அடர்ந்த காட்டை வெட்டிப் பாதை அமைக்க, கம்பெனிப் படை ஏறத்தாழ ஒரு மாதம் முயன்று தோற்றுப் பின்வாங்கியது. பீரங்கிகளால் இயலாததைப் பின்னர் அரசியல் சூழ்ச்சி சாதித்தது. படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் ஜமீன்தாராகக் கம்பெனி அறிவிக்கவே, அரச மரபின்பால் பற்றுக் கொண்டிருந்த பலர் மருதுவின் அணியை விட்டு விலகினர். மும்முனைத் தாக்குதலில் அக்டோபர் 1, 1801 அன்று காளையார்கோவில் வீழ்ந்தது. பின்னர்ப் பிடிபட்ட சகோதரர்கள் இருவரும் அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். (இது வேலூரை அடுத்த திருப்பத்தூர் அன்று, சிவகங்கை மாவட்டத்தில் உள்ளது.)

குடும்பம்

சகோதரர்களின் ஆண் வாரிசுகள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர். சின்ன மருதுவின் இளைய மகன் துரைசாமி, சிறுவனாக இருந்தும், 70க்கும் மேற்பட்ட கைதிகளுடன் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குத் தீவுக்குக் கப்பலேற்றப்பட்டார். 1818இல் அத்தீவுக்குச் சென்ற வெல்ஷ், முதுமையடைந்தவர் போலத் தளர்ந்திருந்த ஒருவரைக் கண்டார். தாம் சின்ன மருதுவின் மகன் என்று அவர் சொன்ன பிறகே வெல்ஷுக்கு அடையாளம் தெரிந்தது.

நினைவு

சகோதரர்களின் நினைவிடம் காளையார்கோவிலில், அவர்கள் திருப்பணி செய்த கோயிலின் எதிரே அமைந்துள்ளது. 2004 அக்டோபரில் இந்திய அஞ்சல் துறை மருது பாண்டியர் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.