ஆறுகளின் தோழர் சேத் கிரீன்

வட அமெரிக்காவின் கீழைக் கடற்கரையில் இளவேனில் பிறந்ததும் பனி உருகி ஆறுகள் பெருக்கெடுக்கும். நீரின் குளிர்ச்சி சற்றே தணிந்ததும், ஷாட் என்னும் வெள்ளி நிற மீன்கள் கடலினின்றும் கூட்டங் கூட்டமாக ஆற்றினுள் நுழையும். நம் நாட்டு உல்லம் மீனுக்கு உறவுடைய இம்மீன், ஆற்று நீரில் பிறந்து, கடலிற் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஆற்றையே நாடி வருவது. அப்பருவத்தில் மெல்லிய தூண்டிற்கோலுடனும் நுண்ணிய நரம்புடனும் மக்கள் ஆற்றங்கரைகளில் நிற்பர். ஷாடின் வாய் மிக மென்மையானது. வலிந்து இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வெளிவந்துவிடும். ஆதலால், அதனைப் பிடிப்பதற்கு வலிமையினும் பொறுமையே பெரிதும் வேண்டும்.

அத்தகைய பொறுமையைத் தம் வாழ்வின் துணையாகக் கொண்டு, வளங்குன்றிய ஆறுகளில் மீண்டும் மீன்களைப் பெருக்க முயன்றவர் சேத் கிரீன் ஆவார்.

சேத் கிரீன் 1817 ஆம் ஆண்டு நியூயார்க்கு மாநிலத்தில் ராச்செஸ்டர் நகரை அடுத்த பகுதியிற் பிறந்தார். அவர் பள்ளிக் கல்வியை மிகுதியாகப் பெற்றவரல்லர். ஜெனசி ஆறும், அதன் அருவிகளும், சுற்றியிருந்த காடுகளுமே அவருடைய பள்ளிகளாக இருந்தன. எந்த மீன் எந்த இடத்தில் ஒதுங்கும், எப்பொழுது இரை தேடும் என்பனவற்றையெல்லாம் அவர் இளமையிலேயே கண்டறிந்தார். செயற்கை ஈயைத் தூண்டிலிற் கட்டி நெடுந்தொலைவு வீசுவதில் அவர் பிற்காலத்திற் பெரும்புகழ் பெற்றார். வளர்ந்தபின் மீன் பிடித்து விற்பதையே தொழிலாகக் கொண்டு, ராச்செஸ்டர் நகரில் மீன் கடை நடத்தினார்.

ஒருமுறை கனடா நாட்டுக்குச் சென்றிருந்தபோது, ஆற்றின்மேற் படர்ந்த மரக்கிளையொன்றில் இரண்டு நாள் அமர்ந்து, சால்மன் மீன்கள் முட்டையிடும் முறையை அவர் உற்று நோக்கினார் என்பர். இட்ட முட்டைகளிற் பெரும்பகுதியை மற்ற மீன்கள் உடனே தின்றுவிடுவதை அவர் கண்டார். அம்முட்டைகளைக் காத்துப் பொரிக்கச் செய்தால் ஆறுகளில் மீன் வளம் பெருகுமே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழமாகப் பதிந்தது.

அவ்வெண்ணம் செயலாவதற்குப் பல ஆண்டுகள் ஆயின. 1864 ஆம் ஆண்டு, கலிடோனியா என்னும் ஊரில், குளிர்ந்த ஊற்றுநீர் ஓடும் ஓடையின் கரையில் அவர் மீன் குஞ்சு பொரிப்பகம் ஒன்றை அமைத்தார். அக்காலத்தில் முட்டைகளை மிகுந்த நீரிலிட்டு, அந்நீரில் ஆண் மீனின் விந்தைக் கலப்பது வழக்கம். அதனால் முட்டைகளிற் பல கருவுறாமல் வீணாயின. நீரின் அளவைப் பெரிதும் குறைத்தால் மிகப் பெரும்பாலான முட்டைகள் கருவுறும் என்பதைக் கிரீன் தம் பட்டறிவால் உணர்ந்தார். அவருடைய பொரிப்பகம் விரைவில் புகழ் பெற்றது.

அந்நாளில் கனெக்டிகட் ஆற்றில் ஷாட் மீன்கள் அருகி வந்தன. ஹோலியோக் என்னுமிடத்தில் 1849 இல் கட்டப்பட்ட அணை, மீன்கள் மேலே செல்லும் வழியை அடைத்துவிட்டது. வலைகளும் அளவின்றி வீசப்பட்டன. 1867 ஆம் ஆண்டு அழைப்பின் பேரிற் கிரீன் அங்குச் சென்றார். அங்கிருந்த மீனவர் சிலர் அவருடைய முயற்சியை எள்ளி நகையாடினர். முதலில், கம்பி வலையாலான அடிப்பாகம் கொண்ட மரப்பெட்டியில் முட்டைகளையிட்டு ஆற்றில் மிதக்கவிட்டார். முட்டைகள் ஒரு பக்கமாகக் குவிந்து அழிந்தன. கிரீன் மனந்தளரவில்லை. பெட்டியைச் சற்றே சாய்வாக மிதக்கவிட்டால், நீரோட்டம் வலை வழியே உட்புகுந்து முட்டைகளை இடைவிடாது புரட்டிக்கொண்டிருக்கும் என்று கண்டார். அவ்வாறே செய்தார். முட்டைகள் ஏறத்தாழ அனைத்தும் பொரிந்தன. சாய்த்து வைத்த ஒரு பெட்டியால் கோடிக்கணக்கான குஞ்சுகள் உயிர் பெற்றன.

அடுத்த ஆண்டில் நியூயார்க்கு மாநில மீன்வள ஆணையர்களுள் ஒருவராகக் கிரீன் அமர்த்தப்பட்டார். 1871 ஆம் ஆண்டு அவர் அரியதொரு பயணம் மேற்கொண்டார். ஹட்சன் ஆற்றிற் பொரித்த ஏறத்தாழ 12,000 ஷாட் குஞ்சுகளைப் பால் கொண்டுசெல்லும் தகரக் குடங்களில் நிரப்பிக்கொண்டு, கலிபோர்னியாவுக்குப் புகைவண்டி ஏறினார். கண்டத்தின் குறுக்கே இருப்புப் பாதை முற்றுப் பெற்று இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு வாரம் நீண்ட அப்பயணத்தில், வழியெங்கும் நீரை மாற்றி, வெப்பம் மிகாமற் காத்து, அக்குஞ்சுகளைக் குழந்தைகளைப்போற் பேணினார். ஏறத்தாழ 10,000 குஞ்சுகள் உயிருடன் சாக்ரமென்டோ ஆற்றை அடைந்தன. பின்னர் வேறு சிலரும் அங்குக் குஞ்சுகளைக் கொண்டுசென்று விட்டனர். மேலைக் கடற்கரை ஆறுகளில் ஷாட் பல்கிப் பெருகியது. கலிபோர்னியாவில் 1957 இல் வலையிட்டு ஷாட் பிடிக்கும் வாணிகம் நிறுத்தப்பட்டது. இன்று அங்கு இளவேனில்தோறும் மக்கள் மெல்லிய தூண்டிலாலேயே அதனைப் பிடித்து மகிழ்கின்றனர்.

தாம் அறிந்தவற்றைக் கிரீன் பிறர்க்கு மறைத்தாரல்லர். மீன் வளர்ப்பைப் பற்றி நண்பருடன் சேர்ந்து நூல் எழுதினார். 1888 ஆம் ஆண்டு, தமது 71 ஆம் வயதில், அவர் உலக வாழ்வை நீத்தார். கலிடோனியாவில் அவர் தொடங்கிய பொரிப்பகம் அரசின் பொறுப்பில் இன்றும் நடைபெற்று வருகிறது.

குஞ்சுகளை விடுவது மட்டும் ஆற்றைக் காத்துவிடாது என்பதைப் பிற்காலம் உணர்த்தியது. வழி அடைபட்ட ஆற்றில் மீன் எவ்வாறு ஏறும்? ஹோலியோக் அணையில், மீன்களைத் தூக்கி மேலே விடும் பொறி 1955 இல் அமைக்கப்பட்ட பின்னரே ஷாட் மீண்டும் மேலாற்றை அடைந்தது. ஓரிடத்து உயிரை வேறிடத்திற் குடியேற்றுவதால் அங்குள்ள உயிர்கட்குத் தீங்கு நேரலாம் என்பதையும் அறிஞர் இன்று எடுத்துரைக்கின்றனர். ஆயினும், ஆற்றிலிருந்து எடுத்து வாழ்ந்த ஒருவர், ஆற்றுக்குத் திருப்பித் தருவதும் தம் கடமையென உணர்ந்தது போற்றத்தக்கது. இயற்கையின் செல்வம் எடுக்க எடுக்கக் குறையாதது அன்று. அதனைத் துய்ப்பவரே அதனைக் காக்கவும் வேண்டும். இதுவே சேத் கிரீனின் வாழ்க்கை நமக்குப் புகட்டும் பாடமாகும்.