விஸ்வேஸ்வரய்யா: அணை மட்டுமா கட்டினார்?

செப்டம்பர் 15 வந்தால் மைசூர்த் தலைப்பாகை கட்டிய அந்தப் படத்துக்கு நாமெல்லாம் மாலை போட்டிருக்கிறோம். பொறியாளர் தினம். கிருஷ்ணராஜ சாகர், தானியங்கி மதகு, பாரத ரத்னா என்று மூன்று வரி பேசிவிட்டு, டீ பிஸ்கட்டோடு கூட்டம் கலைந்துவிடும். சர் மோக்ஷகுண்டம் விஸ்வேஸ்வரய்யாவைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இரண்டு மெழுகுவர்த்திக் கதையும் தெரிந்திருக்கும்; அது நடந்ததோ இல்லையோ, அதை விட்டுவிடுகிறேன். சிவில் நண்பர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் கட்டியவற்றில் கல்லும் சுண்ணாம்பும் இல்லாத ஒன்றுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைச் சொல்லத்தான் மலர்க் குழுவிடம் இரண்டு பக்கம் கேட்டு வாங்கினேன்.

1861-ல் சிக்கபள்ளாபூர் பக்கத்தில் முத்தேனஹள்ளியில் பிறந்தவர். அப்பா சமஸ்கிருத பண்டிதர். பையன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே காலமாகிவிட்டார். பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படித்தபோது டியூஷன் சொல்லிக் கொடுத்துத்தான் காலத்தை ஓட்டினார். 1881-ல் பி.ஏ. அப்புறம் மைசூர் அரசின் உதவித்தொகையில் பூனா சயன்ஸ் காலேஜில் இன்ஜினியரிங். 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணித்துறையில் உதவிப் பொறியாளர். கடக்வாஸ்லா அணையில் அவருடைய தானியங்கி மதகுகள் 1903-ல் பொருத்தப்பட்டன. ஏடனுக்குப் போய்க் குடிநீர்த் திட்டம் போட்டுக் கொடுத்தார். இதெல்லாம் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் இல்லாதது, 1898-ல் அவர் ஜப்பானுக்குப் போய் வந்தது. அதுவும் ஒரு ஆசிய நாடுதான்; ஆனால் அங்கே அரசாங்கமும் வியாபாரிகளும் பள்ளிக்கூடமும் சேர்ந்து முப்பதே வருஷத்தில் ஊரையே மாற்றியிருந்தார்கள். அந்த எண்ணம் கடைசிவரை அவரை விடவில்லை.

1908-ல் பம்பாய் வேலையை விட்டார். மூசி வெள்ளத்தில் நொறுங்கிப்போன ஹைதராபாத்துக்கு வெள்ளத்தடுப்புத் திட்டம் தந்துவிட்டு, 1909-ல் மைசூருக்குத் தலைமைப் பொறியாளராக வந்தார்.

கிருஷ்ணராஜ சாகரை முழுக்கத் தாண்டிப் போக முடியாது. அணை என்றால் பாசனம் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் அந்தத் திட்டத்தைத் தூக்கி நிறுத்தியதில் மின்சாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு. சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கவயலுக்கு 1902 முதல் கரண்ட் போய்க்கொண்டிருந்தது. கோடையில் காவிரி இளைத்தால் மின்சாரமும் இளைக்கும். சுரங்கக் கம்பெனிகளுக்கோ வருஷம் முழுக்கச் சீரான சப்ளை வேண்டும். அந்தத் தேவையும் அது தரும் வருமானமும்தான் மகாராஜாவின் நிதி அதிகாரிகளிடம் எடுபட்ட வாதங்கள். ஒரு வாடிக்கையாளரை முன்னால் நிறுத்திவிட்டு, அவருக்குப் பின்னால் மண்டியா விவசாயிக்குத் தண்ணீர் கொண்டுவந்தார் என்று சொல்லலாம். 1911-ல் வேலை ஆரம்பித்தது. சிமெண்ட் கிடைப்பது அரிது. சுர்க்கிச் சாந்தில்தான் கட்டினார்கள்.

நம் தஞ்சாவூர் நண்பர்கள் இந்த இடத்தில் முகம் சுளிப்பார்கள் என்று தெரியும். சென்னை மாகாணம் முதலில் ஒத்துக்கொண்டது சிறிய கொள்ளளவுக்கு. அவரோ 124 அடி உயர அணைக்கு வேண்டிய அஸ்திவாரத்தையே போட்டுவிட்டார். அதில் வந்த வழக்கு மத்தியஸ்தத்துக்குப் போய், 1924 ஒப்பந்தத்தில்தான் ஓய்ந்தது. ஓய்ந்ததா என்ன? அது வேறு கதை.

நான் சொல்ல வந்தது மைசூர் பொருளாதார மாநாடு. 1911 ஜூன். பெயரைக் கேட்டால் ஏதோ மூன்று நாள் செமினார் மாதிரி இருக்கிறது, இல்லையா? அது ஒரு நிரந்தர அமைப்பு. யோசனை விஸ்வேஸ்வரய்யாவுடையது, அப்போது அவர் திவான்கூட இல்லை. நால்வடி கிருஷ்ணராஜ உடையார் அதை ஏற்றுத் தொடங்கிவைத்தார். அதிகாரிகள், வியாபாரிகள், நிலக்காரர்கள், வக்கீல்கள், வாத்தியார்கள் என்று எல்லாரும் ஒரே மேஜையில். விவசாயத்துக்கு ஒரு குழு, கல்விக்கு ஒரு குழு, தொழில் வாணிபத்துக்கு ஒரு குழு. அதற்குக் கீழே மாவட்டத்திலும் தாலுக்காவிலும் கமிட்டிகள். தாலுக்காவில் என்ன விளைகிறது, என்ன செய்கிறார்கள் என்று முதலில் கணக்கு எடு. எதை அரசு செய்ய வேண்டும், எதை வியாபாரி செய்ய வேண்டும், எதை ஊர்க்காரர்களே கூடிச் செய்யலாம் என்று பிரி. அடுத்த கூட்டத்தில் என்ன ஆச்சு என்று கேள். புராஜெக்ட் ரிவ்யூ மீட்டிங் என்று நாம் இன்று செய்வதும் இதுதானே! 1912-ல் அவரே திவான் ஆனதும், மாநாட்டில் பேசியதை ஆணையாக மாற்றக்கூடிய கையும் அவரிடமே வந்தது.

அதிலிருந்து வந்தவற்றைப் பாருங்கள். 1913-ல் அரசின் ஆதரவோடு, பங்குதாரர்களின் பணத்தில் மைசூர் வங்கி. 1916-ல் வியாபாரிகளுக்கென்று ஒரு வர்த்தக சபை. ஒரு திவான், தன்னை எதிர்த்துக் கேள்வி கேட்கப்போகும் சங்கத்தைத் தானே முன்னின்று உண்டாக்குவது அதிசயம்தான். அதே 1916-ல் பல்கலைக்கழகம், 1917-ல் பெங்களூரில் இன்ஜினியரிங் காலேஜ். 1915-ல் பிறந்த கன்னட சாகித்ய பரிஷத்துக்குக்கூட இந்த மாநாட்டில் நடந்த ஆலோசனைகளில்தான் வேர்.

சந்தனக் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். அதில் சென்னைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. சென்னை இன்ஜினியரிங் காலேஜில் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், அரசுச் செலவில் அலுமினியப் பாத்திரம், குரோம் தோல் பதனிடுதல், ஆயில் இன்ஜின் பம்பு என்று ஒவ்வொன்றாகச் சோதித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அரசாங்கம் தொழில் நடத்தக் கூடாது என்று 1910-ல் லண்டனிலிருந்து மார்லி பிரபு கடிதம் போட்டார். சென்னையில் அந்த முயற்சி முடங்கிப்போச்சு. சாட்டர்டன் மைசூருக்குத் தொழில்துறை இயக்குநராகப் போனார். நம்மால் பயன்படுத்திக்கொள்ள முடியாமல் போன ஆளை விஸ்வேஸ்வரய்யா பயன்படுத்திக்கொண்டார்.

மைசூர்ச் சந்தனக் கட்டை அதுவரை ஏலத்தில் போய், பெரும்பாலும் ஜெர்மனியில் எண்ணெயாகிக்கொண்டிருந்தது. 1914-ல் யுத்தம் வந்ததும் வாங்க ஆளில்லை. கட்டை குவிந்து கிடந்தது. பெங்களூர் டாடா இன்ஸ்டிட்யூட்டில் சட்பரோ, வாட்சன் என்ற இரண்டு பேராசிரியர்கள் எண்ணெய் வடிக்கும் முறையைச் சோதித்துக் கொடுத்தார்கள். 1916-ல் பெங்களூரில் ஆலை, அடுத்து மைசூரில் ஒன்று. பிறகு எஸ்.ஜி. சாஸ்திரி என்ற இளம் ரசாயன நிபுணரை இங்கிலாந்துக்கு அனுப்பி சோப்புத் தொழிலைக் கற்றுவரச் செய்தார்கள். நம் வீட்டுக் குளியலறையில் இருக்கும் மைசூர் சாண்டல் சோப் அப்படி வந்ததுதான். காடு அரசுடையது, விஞ்ஞானம் கல்விக்கூடத்துடையது, சந்தை உலகத்துடையது. மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போடுவதுதான் அவருடைய வேலையாக இருந்தது.

எல்லாமே வெற்றி என்று எழுதினால் அது மலர்க் கட்டுரை ஆகலாம், உண்மை ஆகாது. பத்ராவதி இரும்பாலை 1923-ல் உற்பத்தி தொடங்கியது. நிலக்கரி கிடையாது, காட்டு மரத்தைக் கரியாக்கித்தான் இரும்பு உருக்க வேண்டும். தொடங்கிய நேரத்தில் உலகச் சந்தையில் இரும்பு விலை விழுந்துவிட்டது. நஷ்டம், கேலி. திவான் பதவியை விட்டுப் போயிருந்த அவரையே கூப்பிட்டுத் தலைவராக்கினார்கள். 1929 வரை இருந்து செலவைக் குறைத்து நிமிர்த்தினார்.

இன்னொரு குறை அதைவிடக் கனமானது. அந்த மேஜையைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் யார்? படித்தவர்கள், அதாவது அன்றைய மைசூரில் பெரும்பாலும் பிராமணர்கள். உழுபவரும் நெய்பவரும் பற்றிப் பேசினார்களே தவிர, அவர்களில் எத்தனை பேர் பேசினார்கள்? 1917-ல் பிரஜா மித்ர மண்டலி அந்தக் கேள்வியைத்தான் கிளப்பியது. மகாராஜா 1918-ல் மில்லர் கமிட்டியை அமைத்தார். பின்தங்கியவர்களுக்கு உதவித்தொகை கொடு, பள்ளிக்கூடம் திற, ஆனால் வேலையில் தகுதியைத் தளர்த்தாதே என்பது விஸ்வேஸ்வரய்யாவின் கட்சி. அந்த வருஷக் கடைசியில் பதவியை விட்டுவிட்டார். இதில் நான் மகாராஜா பக்கம். கணக்கில் அவ்வளவு கெட்டிக்காரர், பள்ளிக்கூடம் திறந்தவுடன் எல்லாரும் ஒரே கோட்டில் நின்றுவிட மாட்டார்கள் என்ற கணக்கை மட்டும் ஏன் போடவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. கூட்டுறவு என்றால் நாற்காலிகளை யார் போடுகிறார்கள், யாருக்குப் போடுகிறார்கள் என்பதும் அதில் சேர்த்திதான்.

பதவி போன பிறகும் ஓயவில்லை. 1934-ல் இந்தியாவுக்குத் திட்டமிட்ட பொருளாதாரம் என்று ஒரு புத்தகம் எழுதினார். 1941-ல் அகில இந்தியத் தயாரிப்பாளர் அமைப்பைத் தொடங்கினார். தொண்ணூறை நெருங்கும் வயதில் பெங்களூர், கோலார் மாவட்டங்களில் ஊர்களைத் தொகுதி தொகுதியாகச் சேர்த்து, தொகுதிக்கு ஒரு கமிட்டி வைத்து, கிராமத் தொழில்களை வளர்க்கும் திட்டத்தில் இறங்கினார். 1911 தாலுக்கா கமிட்டியேதான். இந்தத் தடவை கிராமத்து ஆளே உள்ளே. 1955-ல் பாரத ரத்னா. 1962 ஏப்ரல் 14-ல், நூறு வயதைக் கடந்து காலமானார்.

மைசூர் வங்கி 2017 ஏப்ரல் 1-ல் ஸ்டேட் பாங்கோடு இணைந்துவிட்டது. பத்ராவதி ஆலையை மூடப்போவதாக 2023 தொடக்கத்தில் செய்தி வந்தபோது தொழிலாளர்களும் ஊர்க்காரர்களும் தெருவுக்கு வந்தார்கள். வர்த்தக சபை கர்நாடகம் முழுமைக்குமான சபையாக வளர்ந்து நிற்கிறது.

பத்ராவதியில் அவர் பார்த்த வேலைக்கு அரசு தர வேண்டியிருந்த தொகையை அவர் தனக்காக வாங்கவில்லை. தொழில் கற்றுத் தரும் ஒரு பள்ளிக்கு அதைக் கொடுக்கச் சொன்னார். அவர் பெயரையே வைக்கலாம் என்றார்கள், சம்மதிக்கவில்லை. 1943-ல் பெங்களூரில் ஜெயசாமராஜேந்திரர் பெயரில் அது தொடங்கியது. பாலிடெக்னிக்காக இன்றும் நடக்கிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் நம் செட் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை நந்தி மலைக்குப் போவீர்கள். அங்கிருந்து முத்தேனஹள்ளி பக்கம்தான். அவர் வீடும் நினைவிடமும் இருக்கின்றன; குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.