ராபர்ட் பேக்வெல்: பண்ணையே இவரது ஆய்வுக்கூடம்

மரபியல் விரிவுரைகளில் மெண்டலின் பட்டாணிச் செடிகளைப் பற்றிக் கேட்காத மாணவர் நம்மில் இருக்க முடியாது. அந்த மெண்டல் பிறப்பதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே மறைந்துவிட்ட ஓர் ஆங்கிலேய விவசாயியைப் பற்றித்தான் இங்கே சொல்ல விரும்புகிறேன்.

ராபர்ட் பேக்வெல் 1725-இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில், டிஷ்லி என்னும் சிற்றூரில் பிறந்தார். சுமார் 440 ஏக்கர் பண்ணை. அதுவும் குத்தகை நிலம். 1760 வாக்கில் தந்தைக்குப் பின் முழுப் பொறுப்பும் இவரிடம் வந்தது.

அக்காலத்தில் கடாக்களும் பெட்டை ஆடுகளும் ஒன்றாகவே மேய்ந்தன. எந்தக் குட்டிக்கு எது தகப்பன் என்று பெரும்பாலும் எவருக்கும் தெரியாது. ஆட்டைக் கம்பளிக்காக வளர்த்து, வயதான பிறகே இறைச்சிக்கு அனுப்புவார்கள். பேக்வெல் முதலில் கடாக்களைத் தனியே பிரித்தார். குறைந்த தீவனத்தில் விரைவாகச் சதைபிடிக்கும், எலும்பு சிறுத்த ஆடுகளைத் தேர்ந்தெடுத்தார். அவற்றுள்ளும் நெருங்கிய இரத்த உறவு உள்ளவற்றையே மீண்டும் மீண்டும் இணை சேர்த்தார். இதைத் தகாத செயலாகக் கருதியவர்கள் அன்று நிறையவே இருந்தனர். இவரோ எலும்புக்கூடுகளையும் உப்புநீரில் ஊறவைத்த இறைச்சித் துண்டுகளையும் வீட்டிலேயே சேமித்து வைத்து, ஒரு தலைமுறையை மறு தலைமுறையோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்!

இவர் செய்தவற்றுள் என்னை அதிகம் கவர்ந்தது வேறொன்று. நல்ல கடாக்களை இவர் விற்கவில்லை. ஒரு பருவத்திற்கு வாடகைக்கு விட்டார். அவை பல பண்ணைகளில் ஈன்ற குட்டிகளைப் பார்த்த பிறகே எந்தக் கடா சிறந்தது என்று முடிவு செய்தார். சந்ததியைக் கொண்டு தகப்பனை எடைபோடும் இந்த முறைதான் பின்னாளில் பன்றி, மாடு வளர்ப்பிலும் அடிப்படையானது. தொடக்கத்தில் சில ஷில்லிங்குகளாக இருந்த வாடகை, 1780-களின் இறுதியில் நூற்றுக்கணக்கான கினிகளாக உயர்ந்தது.

ஆனாலும் எல்லாம் வெற்றியல்ல. டிஷ்லி ஆடு இரண்டு ஆண்டுகளில் சந்தைக்குத் தயாரானது உண்மை. அதன் இறைச்சியில் கொழுப்போ மிக அதிகம். உழைப்பாளிகள் விரும்பி உண்டனர், வசதியானவர்கள் ஒதுக்கினர். நீள்கொம்பு மாடுகளில் சதை கூடியபோது பால் குறைந்தது. பன்றிகளிலும் முயன்றார், ஆடுகளில் பெற்ற புகழ் அங்கே கிட்டவில்லை. விருந்தினரைத் தாராளமாக உபசரித்த இவர், ஒரு கட்டத்தில் திவாலும் ஆனார். தம் இனம் பிறர் கைக்குப் போகாதிருக்க, விற்கும் ஆடுகளைச் சதுப்பு நிலத்தில் மேயவிட்டு ஈரல் நோய் வரச் செய்தார் என்றும் சொல்வார்கள். உண்மையானால் அது மெச்சத்தக்கதல்ல.

திருமணம் செய்யாமலே வாழ்ந்த பேக்வெல், 1795 அக்டோபர் 1-ஆம் நாள் காலமானார். தம் முறையை விளக்கி நூல் எதுவும் எழுதவில்லை. ஆயினும் 1859-இல் டார்வின் தமது நூலில் இவரது ஆடுகளைச் சான்றாகக் காட்டினார். மெண்டல் வாழ்ந்த புருன் நகரிலும் செம்மறி வளர்ப்போர் அதற்கு முன்பே இவரது முறைகளை விவாதித்திருந்தனர். டிஷ்லி ஆட்டின் வழிவந்த லெஸ்டர் நீள்கம்பளி ஆடு இன்று பிரிட்டனில் அரிய இனங்களுள் ஒன்று.